ஏற்றத்தாழ்வைக் குறைக்க எதை முதலில் கேட்பது? ஒரு லிபரல் வாக்காளரின் கணக்கு

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் எவரிடம் கேட்டாலும் ‘பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைப்பேன்’ என்றுதான் சொல்வார். எப்படி என்று கேட்டால் பதில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். பெரும் பணக்காரர்களின் சொத்து மதிப்பின் மீது ஆண்டுதோறும் செல்வ வரி. குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது. பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம். வாரிசுகளுக்குப் போகும் சொத்தில் இருக்கும் வரி ஓட்டையை அடைப்பது.

நான்குமே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் செனட்டில் ஒரு வோட்டு முன்னே பின்னே என்ற நிலையில் ஆட்சிக்கு வரும் கட்சியால் இரண்டு வருடத்தில் ஒரு பெரிய காரியம் செய்ய முடியும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை. பைடன் ஆட்சியில், 2021, 2022இல் அதைக் கண்ணால் பார்த்தோம். அதனால் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ப்ரைமரியில் வோட்டுப் போடும்போது ‘எதை முதலில்’ என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் வட கரோலினாவில் வோட்டுப் போடுகிறவன். லிபரல் என்று சொல்லிக்கொள்வதில் கூச்சம் இல்லை. மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வெளியிடும் கணக்கில், நாட்டின் குடும்பச் செல்வத்தில் சுமார் 30 சதவீதம் உச்சியிலுள்ள 1 சதவீதத்தினரிடம் இருக்கிறது; கீழ்ப்பாதி மக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சுமார் 2.5 சதவீதம். இது தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. சரியில்லை, ஆனால் எங்கே கை வைப்பது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் பார்க்கும் விஷயங்கள் மூன்று: ஏழைக் குடும்பத்தின் கைக்குக் காசு போகுமா, கோர்ட்டில் நிற்குமா, அடுத்த ஆட்சி வந்தால் மிஞ்சுமா. நாலாவதாக ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். நம் ஆட்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

செல்வ வரியில் தொடங்குவோம், ஏனென்றால் கூட்டங்களில் கைத்தட்டல் அதற்குத்தான் அதிகம். 2019 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் எலிசபெத் வாரன் முன்வைத்த திட்டம் எளிமையானது: 5 கோடி டாலருக்கு மேல் உள்ள சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம், 100 கோடிக்கு மேல் 3 சதவீதம். பின்னாளில் அந்த 3ஐ 6 ஆக்கினார். பெர்னி சாண்டர்ஸ் தன் பங்குக்கு 8 சதவீதம் வரை போனார். கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் பெர்க்லியின் இமானுவேல் சாயெஸ், கேப்ரியல் ஸூக்மன் ஆகியோர். நியாயத்தைப் பொறுத்தவரை எனக்கு இதில் சண்டை இல்லை. சம்பளம் வாங்குகிறவர் ஒவ்வொரு பேசெக்கிலும் வரி கட்டுகிறார். பங்கு விலை ஏறியே பல்லாயிரம் கோடி சேர்த்தவர் விற்காத வரைக்கும் ஒரு சென்ட்கூடக் கட்டத் தேவையில்லை.

சிக்கல் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ‘நேரடி வரி’ எதுவானாலும் மாநிலங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கு போட்டுத்தான் வசூலிக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி வசூலித்தால், பணக்காரர்கள் குறைவாக உள்ள மிசிசிப்பியில் இருக்கும் கோடீஸ்வரர் கனெக்டிகட் கோடீஸ்வரரைவிடப் பல மடங்கு விகிதத்தில் கட்ட வேண்டி வரும், நடக்கிற காரியமா? இதே காரணத்தைச் சொல்லித்தான் 1895இல் உச்ச நீதிமன்றம் வருமான வரியையே அடித்து நொறுக்கியது. 1913இல் 16ஆவது திருத்தம் வந்த பிறகுதான் வருமான வரிக்கு வழி பிறந்தது. அந்தத் திருத்தம் ‘வருமானம்’ என்கிறது. சொத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

2024 ஜூனில் தீர்ப்பான மூர் வழக்கில் நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத் தம்பதி ஒருவர், சிறு விவசாயிகளுக்குக் கருவிகள் விற்கும் பெங்களூர் நிறுவனமான கிசான்கிராஃப்டில் 40,000 டாலர் முதலீடு செய்திருந்தார்கள். அந்த நிறுவனம் லாபத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தங்கள் கைக்கு வராத லாபத்துக்கு இவர்களுக்குச் சுமார் 15,000 டாலர் வரி வந்தது. வழக்கில் அரசு 7க்கு 2 என்று ஜெயித்தது. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பு செல்வ வரிக்குக் கதவு திறக்காமல் கவனமாக ஒதுங்கிக்கொண்டது. கைக்கு வராத லாபத்தை வருமானம் என்று சொல்ல முடியாது என்ற பக்கம் நான்கு நீதிபதிகள் சாய்ந்தார்கள். தேவைப்படுவது இன்னும் ஒரே ஒருவர். இப்போதுள்ள உச்ச நீதிமன்றத்தை வைத்துக்கொண்டு செல்வ வரியை முதல் கோரிக்கையாக வைப்பது, இரண்டு வருட ஆட்சியை ஒரு வழக்கின் மீது பந்தயம் கட்டுவது.

ஐரோப்பாவையும் பார்க்கலாம். 1990இல் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் 12 நாடுகள் இந்த வரியை வைத்திருந்தன. 2017இல் மிஞ்சியது 4. அதற்கடுத்த வருடம் பிரான்ஸ் தன்னுடையதை எடுத்துவிட்டு, நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டது. அங்கெல்லாம் வரம்பு குறைவு, விலக்குகள் அதிகம், பணத்தோடு பக்கத்து நாட்டுக்குப் போவது சுலபம். அமெரிக்கக் குடிமகனை எந்த நாட்டில் இருந்தாலும் வரி விடாது என்பதால் அந்த ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது என்று சாயெஸ் தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் தனியார் கம்பெனிப் பங்கை, ஓவியத்தை, காப்புரிமையை வருடா வருடம் மதிப்புப் போடுவது வக்கீல்களுக்குத்தான் நல்ல காலம்.

மாசச்சூசெட்ஸ் செய்தது வேறு. 2022 நவம்பரில் அங்கே மக்கள் வாக்கெடுப்பில், ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்துக்குக் கூடுதலாக 4 சதவீதம் என்று தீர்மானித்தார்கள். சொத்தைத் தொடவில்லை, வருமானத்தைத்தான் தொட்டார்கள். முதல் முழு ஆண்டிலேயே 200 கோடி டாலருக்கு மேல் வந்தது. அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. பணக்காரர்களிடம் வாங்குவது இந்த நாட்டில் சாத்தியமே இல்லை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

குறைந்தபட்சக் கூலிக்கு வருவோம். மத்திய அரசின் அளவு மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் வைத்தது, இன்றுவரை அதேதான். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு 2.13, அது 1991இலிருந்து. வாரம் 40 மணி நேரம், ஒரு நாள்கூட லீவு போடாமல் 52 வாரம் உழைத்தால் 7.25 கணக்கில் ஆண்டுக்கு 15,080 டாலர் வருகிறது. விலைவாசி ஏற்றத்தில் அதன் மதிப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோயிற்று. வட கரோலினாவில் இந்த 7.25தான் சட்டம், வடக்கே எல்லையைத் தாண்டி வர்ஜினியாவுக்குள் நுழைந்தால் 12 டாலருக்கு மேல்.

இதன் பெரிய பலம், எதிர்க்கட்சிக்காரர்களே வோட்டுப் போடுகிறார்கள் என்பது. 2020இல் ஃப்ளோரிடாவில் ட்ரம்ப் 51 சதவீதம் வாங்கி ஜெயித்த அதே நாளில், 15 டாலர் கூலிக்கான திருத்தம் 60 சதவீதத்தைத் தாண்டியது. நெப்ராஸ்கா 2022இல், மிசௌரி 2024இல் அதே பாதையில் போயின. குடியரசுக் கட்சியின் செனட்டர் ஜாஷ் ஹாலியே 2025இல் 15 டாலர் மசோதாவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். செல்வ வரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கைகூட நீளவில்லை.

பலவீனமும் உண்டு. 2021 மார்ச்சில் 15 டாலர் கூலி செனட்டில் 42க்கு 58 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சி அணியிலேயே எட்டுப் பேர் எதிர்த்து வோட்டுப் போட்டார்கள். சாதாரணப் பெரும்பான்மையிலேயே பாஸாகும் பட்ஜெட் மசோதாவில் இதை நுழைக்க முடியாது என்று செனட்டின் விதி அதிகாரி சொல்லிவிட்டதால் 60 வோட்டு வேண்டும், அது இப்போதைக்குக் கனவு. இரண்டாவது, இன்று மணிக்கூலி வாங்குகிறவர்களில் 7.25 அல்லது அதற்குக் கீழே வாங்குவோர் சுமார் 100க்கு ஒருவர்தான். கோவிட்டுக்குப் பிறகு ஆள் கிடைக்காமல் கடைக்காரர்களே கூலியை ஏற்றிவிட்டார்கள். அதனால் 15 என்பது இப்போது நகரங்களில் பெரிதாக எதையும் அசைக்காது. கிராமப்புற மிசிசிப்பியிலோ மேற்கு வட கரோலினா மலைப்பகுதியிலோ அசைக்கும். வேலை போகுமா என்ற கேள்விக்கு, நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 2021இல் இரண்டு பக்கமும் சொன்னது: 14 லட்சம் வேலை குறையலாம், 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மேலே வருவார்கள். பல பொருளாதார அறிஞர்கள் அந்த வேலை இழப்புக் கணக்கு அதிகம் என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் யாருக்குக் கூலியே இல்லையோ அவர்களுக்கு, அதாவது பிள்ளைக்காக வீட்டில் இருக்கும் தாய்க்கும் உடம்பு முடியாதவருக்கும், கூலி உயர்வால் ஒன்றும் வராது.

மூன்றாவது வழிக்குத்தான் என் வோட்டு. நடந்து பார்த்த ஒன்று என்பது முதல் காரணம். 2021இல் பைடன் கொண்டுவந்த மீட்புச் சட்டம், பிள்ளைகளுக்கான வரிச் சலுகையை ஒரு வருடத்துக்கு மட்டும் பெரிதாக்கியது. 6 வயதுக்குக் கீழே 3,600 டாலர், 6 முதல் 17 வரை 3,000. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை பாதித் தொகை மாதாமாதம் பேங்க் கணக்குக்கே வந்தது. முக்கியமான மாற்றம், வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகை. சென்சஸ் துறையின் விரிவான வறுமை அளவில் குழந்தை வறுமை 2020இல் 9.7 சதவீதம், 2021இல் 5.2க்கு இறங்கியது. சலுகை முடிந்து 2022இல் 12.4க்கு ஏறியது. ஒரே வருடத்தில் இரு மடங்குக்கு மேல். அமெரிக்க சமூகக் கொள்கையில் இவ்வளவு தெளிவாக ‘போட்டால் இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது’ என்று காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. கோவிட் காலத்தின் மற்ற உதவிகளுக்கும் இதில் பங்குண்டு என்பது உண்மை. ஆனால் பெரும் பங்கு இதற்குத்தான்.

இப்போதைய சட்டம் யாரை விட்டுவிடுகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், தனியாக வளர்க்கும் தாய், பகுதி நேர வேலை, ஆண்டு வருமானம் 12,000 டாலர். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்பதால், சலுகையில் திருப்பித் தரும் பகுதி மட்டும்தான் அவருக்கு. அதற்குச் சூத்திரம், 2,500க்கு மேல் சம்பாதித்ததில் 15 சதவீதம். 9,500இல் 15 சதவீதம் என்றால் 1,425 டாலர், இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து. 4 லட்சம் டாலர் சம்பாதிக்கும் தம்பதிக்கு இரண்டு பிள்ளைக்கு 4,400. 2021இல் அந்தத் தாய்க்கு 6,000 கிடைத்திருக்கும். (இஐடிசி என்ற இன்னொரு சலுகை அவருக்கு உண்டு, அது தனிக் கணக்கு.) 2025 ஜூலை 4இல் ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம் சலுகையை 2,000இலிருந்து 2,200 ஆக்கியது என்று பெருமையாகச் சொன்னார்கள். சூத்திரத்தைத் தொடவில்லை. ஆகவே அந்த 200இல் இந்தத் தாய்க்கு ஒரு சென்ட் கிடையாது. அதே சட்டத்தால் கடைசிப் பத்து சதவீதக் குடும்பங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் நஷ்டம், உச்சிப் பத்து சதவீதத்துக்கு 13,600 லாபம் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது.

இவ்வளவு நல்ல திட்டம் ஏன் செத்தது? 2021 டிசம்பரில் மேற்கு வர்ஜினியா செனட்டர் ஜோ மான்சின் டிவியில் ‘முடியாது’ என்று சொன்னதோடு கதை முடிந்தது. அவரைத் திட்டுவது சுலபம். எனக்கு அதைவிட உறுத்துவது, மறு மாதம் பணம் நின்றபோது தெருவில் சத்தமே இல்லை என்பது. முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியில் கை வைத்தால் நாடு எழுந்து நிற்கும். இதற்கு யாரும் நிற்கவில்லை. காரணம் வடிவமைப்பு. எங்கள் வருமான மட்டத்துக்குப் பிள்ளைக்கு மாதம் 167 டாலர் வந்தது. பேங்க் ஸ்டேட்மென்டில் ‘ஐஆர்எஸ் ட்ரெஸ் 310’ என்று வரித் துறையின் (ஐஆர்எஸ்) பெயரில் ஒரு பதிவு. ஜனவரியில் ஐஆர்எஸ்ஸிலிருந்து 6419 என்று எண் போட்ட கடிதம். ஏப்ரலில் பார்த்தால் ரீஃபண்ட் ஆயிரம் டாலர் குறைவு, ஏனென்றால் வந்தது எங்களுக்குப் புதுப் பணம் இல்லை, பழைய சலுகையின் பாதியை முன்கூட்டிக் கொடுத்ததுதான். என்னைப் போன்ற வீடுகளில் இது யாரையும் நன்றி சொல்ல வைக்கவில்லை, எரிச்சல்தான் பட்டார்கள். நிஜமாகவே தேவைப்பட்ட வீடுகளுக்கோ, காலக்கெடு போட்டு வந்த இந்தப் பணம் கோவிட் செக் மாதிரி இன்னொன்றாகத் தெரிந்தது.

இதற்கு எதிர்மாறான உதாரணம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. குடியரசுக் கட்சியின் கையில் உள்ள சட்டமன்றம் பத்து வருடம் இழுத்தடித்துவிட்டு, 2023இல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கத்தை ஏற்றது. 6 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். கையில் கார்டு, பின்னால் ஆஸ்பத்திரிகளின் ஆதரவு. மத்திய அரசின் 90 சதவீதப் பங்கு குறைந்தால் தானாக நின்றுவிடும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தாலும், அதை நிறுத்தினோம் என்ற பெயரை எடுக்க யாருக்கும் ஆசை இல்லை. பிள்ளைகளுக்கான பணமும் அப்படிப் பதிய வேண்டுமென்றால் காலக்கெடு இல்லாமல் வர வேண்டும். 3,600 முடியாவிட்டால் 2,400 போதும். நிரந்தரமாக, ஏழைக்கு முழுதாக வந்தால் சரி.

இதை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம், வேலை பார்க்கும் ஆர்வம் போய்விடும் என்பது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் சிலர், இது நிரந்தரமானால் 15 லட்சம் பெற்றோர் வேலையை விடுவார்கள் என்று மாதிரிக் கணக்குப் போட்டார்கள். பணம் வந்த அந்த ஆறு மாதங்களை ஆராய்ந்தவர்கள் அப்படி எதையும் பெரிதாகக் காணவில்லை. ஆறு மாதத்தை வைத்து நிரந்தரத்தைச் சொல்ல முடியாது என்று பதில் வரும். அது சரியான பதில்தான். ஆனாலும் கைக்குழந்தையோடு இருக்கும் சிலர் ஒரு வருடம் வேலையைத் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2024 ஜனவரியில் இதன் சிறிய வடிவம் ஒன்று பிரதிநிதிகள் சபையில் 357க்கு 70 என்று பாஸானது. செனட்டில்தான் முடங்கியது. ட்ரம்ப்போடு துணை அதிபர் வேட்பாளராக நின்ற வான்ஸ் அதே ஆண்டுப் பிரசாரத்தில் 5,000 டாலர் என்றே பேசினார். ஆக, மறுபக்கத்தில் பேச ஆள் இருக்கிறது.

பணம்? 2021 அளவுக்குச் செய்தால் ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகத் தேவை. நாலாவது வழியை நான் தனிக் கோரிக்கையாகப் பார்க்காமல் இதற்கான கஜானாவாகப் பார்ப்பது அதனால்தான். ஒருவர் 1 லட்சம் டாலருக்கு வாங்கிய பங்கு அவர் சாகும்போது 30 லட்சம் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். உயிரோடு இருக்கும்போது விற்றிருந்தால் 29 லட்சம் லாபத்துக்கு ஏறக்குறைய 24 சதவீதம் மத்திய வரி. அவர் இறந்த மறுநாள் பிள்ளைகள் விற்றால் பூஜ்யம், ஏனென்றால் வாங்கிய விலையே 30 லட்சம் என்று சட்டம் மாற்றி எழுதிக்கொள்கிறது. இறந்தவர் விட்டுப்போகும் சொத்தின் மீதான எஸ்டேட் வரி பிடிக்குமே என்றால், 2026இலிருந்து ஆளுக்கு ஒன்றரைக் கோடி டாலர் வரை விலக்கு, தம்பதிக்கு 3 கோடி. பெரும் பணக்காரர்கள் விற்காமல் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கிச் செலவு செய்து, ஓட்டையை வாரிசுக்கு விட்டுப் போவது இப்படித்தான்.

கனடா இதை 1972இலேயே அடைத்துவிட்டது. இறந்த அன்று எல்லாவற்றையும் விற்றதாகக் கருதி லாபத்துக்கு வரி, குடியிருந்த வீட்டுக்கு விலக்கு. டொரண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதனால் அங்கே வானம் இடிந்து விழவில்லை. செல்வ வரியை மிரட்டும் அரசியல் சட்டச் சிக்கலும் இதில் குறைவு. 2021இல் பைடன் ஆளுக்கு 10 லட்சம் டாலர் விலக்கோடு இதை முன்வைத்தபோது, குடும்பப் பண்ணைகளுக்குத் தனி விலக்கு இருந்தும் ‘விவசாயி நிலத்தைப் பறிக்கிறார்கள்’ என்ற கூச்சலில் ஜனநாயகக் கட்சியினரே கைவிட்டார்கள். எதிரே கூச்சல் போட ஆள் இருந்தது. இந்தப் பணம் யாருக்குப் போகும் என்று காட்டும் முகம் இந்தப் பக்கம் இல்லை. இரண்டையும் ஒரே மசோதாவில் கட்டினால் அந்த முகம் கிடைக்கும்.

ஆனாலும் இந்த ஓட்டை ஒன்றை அடைத்து மட்டும் அவ்வளவு பணமும் வராது. நான் தள்ளிவைத்த நாலாவது கேள்வி இங்கேதான் வருகிறது: இதில் என் காசு போகுமா? ஒபாமா காலத்தில் இரண்டரை லட்சம், பைடன் காலத்தில் 4 லட்சம் டாலருக்குக் கீழே யாருக்கும் வரி ஏறாது என்று கட்சி சத்தியம் செய்துகொண்டே வருகிறது. அமெரிக்காவில் இந்தியக் குடும்பங்களின் நடுநிலை வருமானம் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். நம்மில் இருவர் சம்பாதிக்கும் வீடுகள் அதைத் தாண்டிப் போகின்றன. அந்தச் சத்தியம் பாதுகாப்பது நம்மைத்தான். வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு, பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்க்கும் 529 கணக்கு, ஓய்வுகாலத்துக்குச் சேர்க்கும் 401கே, கம்பெனிப் பங்கு என்று சலுகை மேல் சலுகை வாங்கிக்கொண்டு பில்லியனர்களைத் திட்டுவது மிக வசதியான லிபரலிசம். செல்வ வரி நமக்கு இவ்வளவு பிடிப்பதற்கு அது நம்மைத் தொடாது என்பதும் ஒரு காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன். 2024 எக்ஸிட் போல்களில் 50,000 டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்கள் ட்ரம்ப் பக்கம் சாய்ந்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேலே உள்ளவர்கள் ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸ் பக்கம். வரியைப் பற்றி இந்தக் கட்சி பேசும் விதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

உதாரணத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி வரி. 2026இல் 1,84,500 டாலர் சம்பளத்தோடு அது நின்றுவிடும். 10 லட்சம் சம்பாதிப்பவர் மார்ச் தொடக்கத்திலேயே கட்டி முடித்துவிடுவார். நர்ஸ் டிசம்பர் வரை கட்டுவார். அந்த உச்சவரம்பை எடுத்தால் நம்மில் சிலருக்கும் வலிக்கும். வலிக்கட்டும்.

இந்த வரிசை எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. மக்களே மனுப் போட்டு வாக்கெடுப்பு கொண்டுவரக்கூடிய மாநிலத்தில் இருந்தால், குறைந்தபட்சக் கூலியைத்தான் முதலில் பிடிப்பேன். தலைநகர் வாஷிங்டனுக்காகக் காத்திருக்க வேண்டாம். மிசௌரியில் மக்கள் கூடவே நிறைவேற்றிய சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பை அடுத்த வருடமே சட்டமன்றம் ரத்து செய்தது. ஆனால் 15 டாலரில் கை வைக்கத் துணியவில்லை. வட கரோலினாவில் அந்த வாக்கெடுப்பு வழி கிடையாது. மாசச்சூசெட்ஸ் மாதிரி 4 சதவீதம் கூடுதல் போடலாமா என்றால், இங்கே 2026இன் ஒரே விகித வருமான வரி 3.99, இரண்டும் சேர்ந்து 7.99, 2018இல் மாநில அரசியல் சட்டத்தில் 7 என்று உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். அதனால் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்பவரிடம் கூலியைப் பற்றிக் கேட்பேன். வாஷிங்டனுக்குப் போகிறேன் என்பவரிடம் மூன்று கேள்வி: சம்பாத்தியம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் முழுத் தொகை உண்டா, அதற்குக் காலக்கெடு போடுவீர்களா, பணத்துக்கு யாரிடம் போவீர்கள்? மூன்றாவதற்கு ‘பில்லியனர்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த வேட்பாளரைப் பார்க்க வேண்டியதுதான்.